பத்து விரலுக்கு லீவு

"எனக்கு ரேகையே இல்லையாம்டி."

சென்னையில் அந்த விசா ஆபீஸுக்கு எதிர்ப்பக்கம், ஒரு மர நிழலில் அக்காவின் பையையும் தண்ணீர் பாட்டிலையும் காவல் காத்துக்கொண்டு நின்றிருந்தேன். உள்ளே பை கூடாது, செல்போன் கூடாது, துணைக்கு ஆள் கூடவே கூடாது. பேப்பர்கள் வைத்த ஃபைலை மட்டும் மார்போடு அணைத்துக்கொண்டு போன அக்கா, திரும்பி வரும்போது ஃபைலைக் கக்கத்தில் இடுக்கி, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டியபடி, நகப்பூச்சு காயாதவள் போல ரோட்டைக் கடந்து வந்தாள். வந்ததும் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

"என்னக்கா சொல்ற?"

"விரலக் கண்ணாடி மேல வைங்கன்னா ஒரு புள்ள. வச்சேன். நல்லா அழுத்துங்கம்மான்னா. அழுத்துனேன். மிஷினு அங்கிட்டு நகந்து போயிருச்சு. 'மாவு பெசையிற மாதிரி அழுத்தாதீங்கம்மா, ஒடஞ்சிரும்'ங்கிறா. தொடச்சு வச்சுப் பாத்தா, ஈரத்துணியில ஒத்தி வச்சுப் பாத்தா. டிவி பொட்டியில என் விரலு இட்லி மாதிரி வெள்ளையா வருதே ஒழிய, ஒரு கோடு தெரியல. 'நீங்க என்னம்மா வேலை பாக்குறீங்க'ன்னு கேட்டா. 'எந்த வேலைய விட்டுச் சொல்ல'ன்னு நான் கேட்டேன்."

அந்தப் பெண் நல்லவள்தான். விரலுக்குக் கொஞ்ச நாள் ஓய்வு கொடுத்து, எண்ணெய் தடவி, பொங்கலுக்கு முன்னால் இன்னொரு தேதியில் வரச் சொல்லியிருக்கிறாள். அந்தத் தேதியிலும் மிஷினில் ரேகை விழாவிட்டால் அதற்கடுத்த தேதி எப்போது கிடைக்கும் என்று அவளுக்கே தெரியாதாம்.

எங்களுக்கு வேறொரு தேதி தெரியும். அமெரிக்காவில் இருக்கும் அக்கா மகளுக்குத் தை கடைசியில் பிரசவம். தலைப்பிரசவம். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆகி எழுந்து நடக்கவே ஆள் வேண்டும். மாப்பிள்ளைக்கு லீவு ஒரே வாரம். அக்கா போகாவிட்டால் அந்தப் பெண் பனி கொட்டுகிற ஊரில் பச்சைக் குழந்தையோடு தனியாகக் கிடக்க வேண்டும். இது இரண்டாயிரத்து ஏழு, எட்டு வாக்கில் நடந்தது. வெளிநாடு போகிறவர்களின் விரலை வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கம் அப்போதுதான் எங்கள் பக்கத்து ஜனங்களுக்குத் தெரியவந்திருந்தது.

பகல் ரயிலில் திண்டுக்கல் திரும்பினோம். அக்கா விழுப்புரம் வருவதற்குள் பெட்டி முழுக்கத் தன் விரல் கதையைச் சொல்லி முடித்துவிட்டாள். எதிர் சீட்டில் சிறுமலையிலிருந்து வாழைப்பழம் கொண்டுபோய் விற்றுவிட்டுத் திரும்புகிற ஒருவர். அக்காவின் கையை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் புரட்டிப் பார்த்தார்.

"ரேகையே இல்லன்னா ஒங்கள ஒரு போலீசும் புடிக்க முடியாது தாயி. எம்புட்டு வசதி! வேற தொழிலப் பாக்கலாம்ல?"

"பாக்கலாம். மூட்டை தூக்க ஒரு ஆளு வேணும். வாரீகளா?" என்றாள் அக்கா.

நான் திண்டுக்கல்லில் ஜாக்கெட் தைக்கும் கடை வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடம் ஏழாம் வகுப்போடு சரி. மிச்சத்தைப் படித்தது பொட்டலம் கட்டி வந்த பேப்பரிலும், கடைக்கு வருகிறவர்களின் வாயிலும்தான். யாராவது ருசியாக ஒன்று சொன்னால் அளவு குறிக்கிற சாக்கட்டியாலேயே மேசையில் எழுதி வைப்பேன். அடுத்த துணியை விரித்தால் அழிந்துவிடும். அந்தக் குளிர்காலம் முழுக்க மேசையை அழிக்க மனமே வரவில்லை. அவ்வளவு பேச்சு நடந்தது.

அக்காவின் விரல் எங்கே போனது என்று பெரிதாக ஆராய வேண்டியதில்லை. அகரம் பக்கம் அவர்களுக்குத் தோட்டம். விடியுமுன் மல்லிகை மொட்டுக் கிள்ளுகிற கை. வெயில் ஏறினால் சின்ன வெங்காயம் ஆய்கிற கை. வீட்டுக்கு வந்தால் சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுப் பாத்திரம் தேய்க்கிற கை. சோப்புப்பொடி வந்து எத்தனையோ வருஷமாகியும் சாம்பலில் தேய்த்தால்தான் பாத்திரம் "பாத்திரமா" இருக்கும் என்பாள். மார்கழி வந்தால் வெள்ளைக் கல்லை இடித்த கோலப்பொடியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தெரு அகலத்துக்கு இழுக்கிற கை. இப்படித் தேய்த்தால் இரும்பே தேயும்.

வீட்டில் விஷயத்தைக் கேட்டதும் அத்தானுக்கு வந்த சந்தேகம் வேறு.

"போன வருசம் பழனி அடிவாரத்துல ஒருத்தன் இவ கையப் பாத்து, கடல் தாண்டுற ரேகை இருக்குன்னு சொன்னானே. அவன் எந்த ரேகையப் பாத்துச் சொன்னான்?"

"அது உள்ளங்கை ரேகை அத்தான். இது விரல் நுனி ரேகை" என்றேன்.

"அப்ப உள்ளங்கையக் காட்ட வேண்டியதுதான? அதான் எழுதியே இருக்குல்ல, போகலாம்னு."

அன்றைக்கு மாப்பிள்ளை போன் செய்தார். தண்ணீரில் கை வைக்கக் கூடாது, சாம்பல் கூடாது, புளி கூடாது, சுண்ணாம்பு கூடாது, தோட்டம் கூடவே கூடாது, ராத்திரி எண்ணெய் தடவிப் படுக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். கடைசியாக ஒன்று சொன்னார்: "அத்தை, விசாவுக்கு வைக்கிறதோட முடியாது. இங்க வந்து இறங்குனதும் ஏர்போர்ட்டுலயும் விரல வைக்கணும். அங்க வச்சதும் இங்க வைக்கிறதும் ஒத்துப்போனாத்தான் வெளிய விடுவாங்க."

அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. "ஏன் மாப்ள, விமானத்துல வர்றப்ப மாறிப்போச்சுன்னா?"

"மாறாது அத்தை."

"அங்க குளிருங்கிறீகளே. சுருங்கிப்போச்சுன்னா?"

"சுருங்காது அத்தை. நீங்க வேலை மட்டும் செய்யாம இருங்க."

அந்தக் கடைசி வாக்கியத்தை அக்கா போனை வைத்த பிறகு அத்தானிடம் மறுபடி ஒருமுறை சொல்லிக் காட்டினாள். மாப்பிள்ளை உத்தரவு. வீட்டுக்கு மூத்த மாப்பிள்ளையின் வார்த்தையைத் தட்ட முடியுமா?

"விரலுக்குத்தான் லீவு. ஒனக்கில்ல" என்றார் அத்தான்.

"சரி. விரல் இல்லாம செய்யிற வேலை எதாச்சும் சொல்லுங்க, செய்யிறேன்."

அத்தான் வெகுநேரம் யோசித்தார். "மாட்டப் பாத்துக்க" என்றார்.

"பாக்குறேனே. இந்தா, இங்க உக்காந்தே பாக்குறேன்."

இப்படித்தான் அந்த லீவு தொடங்கியது. அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். இரண்டு கையிலும் எண்ணெய் மினுங்கும். அத்தான் அடுப்படிக்கும் கிணற்றடிக்கும் நடப்பார். இருவருக்கும் கல்யாணம் ஆகி மகளுக்கே பிரசவம் வந்துவிட்ட நிலையில், புளி எங்கே இருக்கிறது என்று அவர் அப்போதுதான் கேட்டார். முதல் வாரம் ரசமும் அப்பளமும். இரண்டாவது வாரம் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் என்று ஒன்று வைத்தார். நான் போயிருந்தேன். கத்தரிக்காயா, வாழைக்காயா என்று வாயில் வைத்தும் தெரியவில்லை.

"என்ன காயி அத்தான் இது?"

"எல்லாக் காயும்" என்றார்.

அக்காவோ ஸ்பூனில் சாப்பிட வேண்டியதாயிற்று. கையால் பிசைந்தால் காரமும் புளியும் விரலில் ஏறும் என்று அவளே ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள். தயிர்ச்சோறு ஸ்பூனில் ஏறி, வாய்க்குப் போகிற வழியில் முந்தானையில் இறங்கும். "இதுல எப்படித்தான் திங்கிறாகளோ, புள்ளைக்கு மருந்து ஊத்துற மாதிரி" என்று திட்டிக்கொண்டே தின்பாள்.

லீவு பார்க்க வருகிறவர்கள் வேறு. தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்து, "என்னத்தா, மொளச்சிருச்சா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். ரேகையைத்தான். ஏதோ வெண்டை விதை ஊன்றி வைத்த மாதிரி. அத்தானும் அதே கணக்கில்தான் பேசினார். "நெலத்த ஒரு போகம் சும்மா போட்டா மண்ணு தேறுதுல்ல. தோலும் தேறும். ஆனா யாரும் உள்ள எறங்கி மிதிக்காம இருக்கணும்" என்பார். அதனால் அக்காவிடம் யாரும் கை கொடுக்கக் கூடாது, விரலைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. தள்ளி நின்று பார்க்கலாம்.

மார்கழி பிறந்தது. கோலம் ஒரு பிரச்சினையாகும் என்று யாரும் நினைத்திருக்கவில்லை. அந்தத் தெருவில் அக்கா கோலத்துக்கு எதிர்க்கோலம் கிடையாது. மற்றவர்கள் போட்டு முடித்துவிட்டு, அக்கா வாசலைப் பார்த்துவிட்டுப் போய்த் தங்கள் கோலத்தில் இன்னும் ஒரு சுற்று இழுப்பார்கள். அப்படிப்பட்ட வாசல் முதல் நாள் வெறும் சாணித் தெளிப்போடு கிடந்ததும் அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது. மறுநாள் கருக்கலில் அத்தான் தலையில் துண்டைப் போட்டு முகத்தை மூடிக்கொண்டு, கோலப்பொடி டப்பாவோடு வாசலில் இறங்கினார். பனிக்கு என்று சொல்லிக்கொண்டார்.

விடிந்ததும் எதிர்வீட்டு அம்மாள் இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தார்.

"அண்ணே, இது கோலமா, தோட்டத்து வாய்க்காலா?"

"வாய்க்கா மாதிரிதான் போட்டேன்" என்றார் அத்தான், துண்டை எடுக்காமலே. "இந்தப் பக்கம் தண்ணி விட்டா அந்தப் பக்கம் போயிரும். ஒங்க கோலத்துல போகுமா? எங்கிட்டுப் பாத்தாலும் அடைச்சு வச்சிருக்கீக."

அக்கா வாசற்படியில் உட்கார்ந்தபடி, "இங்கிட்டு ஒரு வளைவு... அய்ய, அது வளைவா? அது வரப்பு" என்று வாயாலேயே கோலம் போட்டாள். மாத நடுவில் அத்தான் தாமரை வரைகிற அளவுக்கு வந்துவிட்டார். ஆனால் தாமரை ஒவ்வொன்றும் முட்டைக்கோஸ் மாதிரிதான் இருந்தது.

லீவு எடுப்பது சுகம் என்று நினைக்க வேண்டாம். முதல் வாரம் அக்கா ராணி. இரண்டாம் வாரத்திலிருந்து கை அரிக்க ஆரம்பித்துவிட்டது. பேசிக்கொண்டே இருப்பாள், அவளுக்கே தெரியாமல் கை பக்கத்திலிருக்கிற வெங்காயத்தை எடுத்து உரிக்கும். அத்தான் தூரத்திலிருந்து, "ஏய், விரலு!" என்று கத்துவார். கையை உதறிப் போடுவாள். ஒருநாள் நான் போனபோது இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அமுக்கி உட்கார்ந்திருந்தாள்.

"என்னக்கா?"

"நம்பிக்கை இல்லடி இதுக மேல. செத்த நேரம் அசந்தா எதையாச்சும் போயித் தேச்சிட்டு வந்துருதுக." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அவ தனியாக் கெடப்பாடி. பத்திய ரசம் வைக்கக்கூட ஒரு ஆளு இல்ல. விரலப் பாத்துப் பாத்துக் கண்ணே பூத்துப்போச்சு. மொளச்சிருக்கா, நான்தான் ஆசையில பாக்குறேனான்னு தெரிய மாட்டேங்குது" என்றாள்.

அதற்கு ஒரு வழி செய்தேன். என் கடைக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை. அங்கே மிஷினில் கண்ணாடி இருக்கிறது. அதன் மேல் விரலை வைக்கலாம். வைத்தால் காகிதத்தில் வரும். விசா ஆபீஸில் நடப்பதும் ஏறக்குறைய இதுதானே என்பது என் எண்ணம். அக்காவைக் கூட்டிப்போய், நாலு விரலையும் சேர்த்து வைக்கச் சொன்னேன். கடைக்காரர் மூடியை மேலே சாத்தப் போனார்.

"அய்யய்யோ, நசுங்கிரும்!" என்று அக்கா கையை இழுத்துக்கொண்டாள்.

"ரெண்டு பக்கமும் வேணுமாக்கா, ஒரு பக்கம் போதுமா?" என்றார் கடைக்காரர், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

முதல் ஜெராக்ஸில் நாலு வெள்ளரிப் பிஞ்சுதான் வந்தது. சந்தை நாளில் டவுனுக்கு வரும்போதெல்லாம் ஒன்று எடுத்தோம். சின்ன விரல்தான் முதலில் மனம் இரங்கியது. மார்கழி பாதியில் அதன் நுனியில் நெளிநெளியாக மூன்று நாலு கோடு. ஜெராக்ஸ்காரர்தான் முதலில் பார்த்துச் சொன்னார். அடுத்த வாரம் மோதிர விரல். அதற்கடுத்து மற்றவையும் மெல்ல மெல்ல வந்தன. கட்டைவிரல்கள் மட்டும் முரண்டு பிடித்தன. எங்களுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. அக்கா அந்தக் காகிதத்தை அத்தானிடம் நீட்டி, "பாத்தீகளா என் கோலத்த?" என்றாள்.

இந்த இடத்தில்தான் மதினி வந்தார்கள்.

மதினி என்பது அத்தானின் அக்கா, நிலக்கோட்டையில் இருக்கிறார்கள். பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை. வார்த்தையும் எடையும் இரண்டுமே தாராளம். ஒரு மாதமாக இவ்வளவு நடந்தும் தன்னிடம் யாரும் சொல்லவில்லை என்று முறைத்துக்கொண்டே, சென்னைக்குக் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது, ஒரு கூடை பூவும் ஒரு தூக்குச்சட்டியுமாக வந்து இறங்கினார்கள். அக்காவின் விரல்களை வாங்கிப் பார்த்தார்கள். மிதிக்கக் கூடாத நிலம் என்று அத்தான் தடுக்கப் பார்த்தார். மூத்தவள் என்கிற முறையில் மதினி தம்பியின் வாயை ஒரே பார்வையில் அடைத்தார்கள்.

"எண்ணெயத் தடவிக்கிட்டு இருக்கீகளாக்கும். விரலுல சூடுதான் இவளுக்கு. தோலு வெடிக்கிறதும் ரேகை அழியிறதும் சூட்டுனாலதான். மருதாணி வச்சா ஒரே நாள்ல குளுந்து எந்திரிச்சிரும். அரச்சே கொண்டாந்துட்டேன்."

நானும் அப்போது அங்கேதான் இருந்தேன். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. பித்த வெடிப்புக்கும் நகச்சுத்துக்கும் எங்கள் பக்கம் மருதாணிதானே வைக்கிறோம். போதாததற்கு, மகள் பிரசவத்துக்குப் போகிற தாய் வெறும் விரலோடு போகலாமா என்று ஒரு கேள்வியும் மதினி போட்டார்கள். அக்கா கையை நீட்டிவிட்டாள்.

எங்கள் பக்கத்தில் மருதாணி வைப்பதென்றால் உள்ளங்கையில் ஒரு வட்ட நிலா, விரல் நுனிக்கெல்லாம் தொப்பி. நுனியை முழுக்க மூடி, குல்லாய் மாட்டின மாதிரி அப்பிவிடுவது. மதினி ஒவ்வொரு விரலாக எடுத்து, பத்துக்கும் பத்துத் தொப்பி மாட்டினார்கள். கட்டைவிரல்தான் ஜெராக்ஸில் சரியாக விழவில்லை என்று நான் சொன்னதால், கட்டைவிரலுக்கு மட்டும் இரண்டு அடுக்கு.

காய்ந்து உதிர்ந்தபோது செக்கச் செவேல் என்று இருந்தது. "செவப்பப் பாரு! இவளுக்குப் புருசன் மேல எம்புட்டுப் பிரியம்!" என்று மதினி கேலி செய்ய, பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அத்தான் வெட்கப்பட்டார்.

மறுநாள் காலையில் மாப்பிள்ளை போன் செய்தார். பேப்பர் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, "அப்புறம் அத்தை, ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். விரல்ல காயம், பிளாஸ்திரி எதுவும் இருக்கக் கூடாது. முக்கியமா மருதாணி வச்சுராதீங்க. மிஷின்ல விழாதுன்னு சொல்றாங்க" என்றார்.

அக்கா போனை என்னிடம் நீட்டினாள். நான் அத்தானிடம் கொடுத்தேன். அத்தான், "எல்லாம் நல்லா இருக்கு மாப்ள, செழிப்பா இருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அப்புறம் அந்த வீட்டில் நடந்ததை என்னவென்று சொல்வது. ஆளுக்கொரு பக்கம் ஓடினோம். எலுமிச்சம்பழம் என்றார் எதிர்வீட்டு அம்மாள். பற்பசை என்றேன் நான். வேட்டிக்குப் போடுகிற பிளீச்சிங் பவுடரைக் கரைத்து முக்கி எடுக்கலாம் என்றார் ஒருவர். மதினி ஒரு படி மேலே போய், "உப்புத்தாள வச்சு ஒரு தேய் தேச்சா போயிரும்" என்றார்கள்.

எலுமிச்சை மூடியை அக்கா விரலுக்குக் கொண்டுபோனேன். அத்தான் என் கையைப் பிடித்துவிட்டார்.

"செத்த இரு கொழுந்தியா. தேச்சா செவப்பு மட்டுமா போகும்?"

எலுமிச்சை மூடியைக் கீழே வைத்தேன். சிவப்பு தோலில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. ரேகையும் அதே தோலில்தான். ஒன்றை எடுக்கப் போனால் இன்னொன்றும் கூடவே கிளம்பும். தேய்த்தால் ரேகை போகும். தேய்க்காவிட்டால் சிவப்பு நிற்கும். ஒரு மாதமாக அத்தான் வைத்த ரசம், போட்ட முட்டைக்கோஸ், அக்கா தின்ற ஸ்பூன் சோறு எல்லாம் அந்த எலுமிச்சை மூடிக்கு முன்னால் நின்றன.

மதினி அழ ஆரம்பித்துவிட்டார்கள். "நான் நல்லதுக்குத்தான வச்சேன்! என் தம்பி மக பிரசவத்த நானே கெடுத்துட்டேனே! நீங்க ஒரு வார்த்த முன்னாடியே சொல்லியிருந்தா நான் வச்சிருப்பேனா? என்னைய ஒரு ஆளா மதிச்சுச் சொன்னீகளா?" அழுகையிலும் பழைய கணக்கை விடவில்லை.

அக்கா இரண்டு கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்: "யாரும் எதையும் தேய்க்க வேணாம். செவப்பு மேல பூசுனது. ரேகை உள்ளருந்து வந்தது. வந்ததத் தொரத்த எனக்கு மனசில்ல. இப்படியே போறேன். முடியாதுன்னா அவக சொல்லட்டும். நான் ஏன் எனக்கு முடியாதுன்னு சொல்லிக்கணும்?"

எலுமிச்சையை அத்தான் ரசத்தில் பிழிந்துவிட்டார்.

சென்னைக்கு மதினியும் கிளம்பிவிட்டார்கள். அதிகாரிகளிடம் நடந்ததைச் சொல்லித் தப்பைத் தானே ஏற்றுக்கொள்ளப் போவதாகச் சொன்னார்கள். விசா ஆபீஸ் வாசலில் அக்கா உள்ளே போன கொஞ்ச நேரத்திலேயே வாசல் காவலரிடம் போய் நின்றார்கள்.

"அப்பு, உள்ள போனாளே செவப்பு விரலு, அவளுக்கு மருதாணி வச்சது நான்தான். ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துர்றேன்."

"உள்ள போக முடியாதும்மா."

"நான் அமெரிக்காவுக்கா போறேங்கிறேன்? கவுண்டர் வரைக்கும்தான்."

"உங்க பேரு லிஸ்ட்ல இல்லம்மா."

"எப்படி இருக்கும்? இவக வீட்டு லிஸ்ட்டுலயே என் பேரு கெடையாது" என்று என்னைக் காட்டி அவரிடம் முறையிட்டார்கள். அவர் பாவம், தன் நாற்காலியைக் கொடுத்து மதினியை உட்காரவைத்தார். மத்தியானம் ஆவதற்குள் அவருக்கு எத்தனை பிள்ளைகள், பெண்ணுக்கு எங்கே வரன் பார்க்கிறார் என்பதெல்லாம் மதினிக்குத் தெரிந்துவிட்டது.

எனக்கு அந்தப் பேச்சில் மனம் நிற்கவில்லை. உள்ளே இருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். சிலர் சிரித்துக்கொண்டு, சிலர் தரையைப் பார்த்துக்கொண்டு. அக்கா முகத்தை எந்த வரிசையில் எதிர்பார்ப்பது என்று தெரியாமல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வந்தாள். கையை நீட்டிக்கொண்டு வரவில்லை; சாதாரணமாக வீசிக்கொண்டு வந்தாள். பக்கத்தில் வருகிறவரை முகத்தில் ஒன்றும் காட்டவில்லை, கள்ளி. வந்து மதினியின் கன்னத்தைக் கிள்ளினாள்.

"அந்தப் புள்ள என் விரலப் பாத்துட்டுச் சிரிச்சிருச்சு மதினி. 'யாரும்மா வச்சது, இம்புட்டுச் செவப்பா?'ன்னு கேட்டா. எங்க மதினின்னேன். 'இது விழுமான்னு தெரியலயேம்மா, வச்சுப் பாக்கலாம்'னா. எடது கை நாலும் ஒரே வைப்புல விழுந்துருச்சு. வலது கை ரெண்டு தடவ. கட்டவிரலுதான் சண்டித்தனம் பண்ணுச்சு. 'விரல நெத்தியில தேச்சுட்டு வைங்க'ன்னா. நெத்தியில இருந்த எண்ணெப் பசை பட்டதும் கப்புனு புடிச்சிருச்சு! ஒரு மாசமா விரலுக்கு எண்ணெ தடவுனதுக்கு, நெத்திக்கு ஒரு நாள் தடவியிருக்கலாம்."

"அப்புறம்? விசா?"

"அப்புறம் இன்னொரு கண்ணாடிக்குப் பின்னால ஒரு வெள்ளக்காரரு. ஒரு பொண்ணு தமிழுல சொல்லுச்சு. 'புள்ள பொறந்ததும் திரும்பி வருவீங்கன்னு எப்படி நம்புறது'ன்னு கேட்டாரு. எங்க வீட்டுக்காரரு வச்ச வெஞ்சனத்த நீங்க ஒரு நாள் சாப்பிட்டுப் பாத்தா, நான் அவரத் தனியா விட்டுட்டு ரொம்ப நாள் இருக்க முடியாதுன்னு ஒங்களுக்கே தெரியும்னு சொன்னேன். அந்தப் பொண்ணு எப்படிச் சொல்லுச்சோ, அவரு விழுந்து விழுந்து சிரிச்சாரு. குடுத்துட்டாக."

மதினி எழுந்து காவலரிடம், "என் மருதாணி விழுந்துருச்சு அப்பு!" என்று சொல்லிவிட்டுத்தான் ரோட்டுக்கே வந்தார்கள்.

பொங்கல் முடிந்து அக்காவை விமானம் ஏற்றிவிட்டோம். அதற்குள் சிவப்பு மங்கி, நுனி எல்லாம் பழுத்த ஆரஞ்சு நிறம். சென்னையில் கொடுத்தது சிவப்பு விரல், அமெரிக்காவில் காட்டுவது ஆரஞ்சு விரல் என்று யாராவது பிடித்துக்கொண்டால் என்ன செய்வது என்பது அவளுடைய கடைசிக் கவலை. பாத்திரம் எதையும் தொட்டுவிடக் கூடாது என்று வழியெல்லாம் கையைக் கட்டிக்கொண்டே போனாளாம்.

மறுநாள் என் கடை போனுக்குத்தான் அழைப்பு வந்தது. அத்தான் காலையிலிருந்தே தையல் மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் எடுப்பதற்குள் பிடுங்கிக்கொண்டார்.

"விழுந்துச்சா?" என்றார். ஹலோ கூடச் சொல்லவில்லை.

அந்தப் பக்கம் அக்கா பேசியது எனக்கும் கேட்டது. அவள் குரலுக்கு போன் தேவையே இல்லை. "வரிசை முடியிற எடத்துல ஒரு தடியான ஆபீசரு. நெத்தியில தேச்சு ரெடியா வச்சிருந்தேன். வச்ச ஒடனே விழுந்துருச்சு. செவப்பையும் பாக்கல, ஆரஞ்சையும் பாக்கல. போன்னுட்டாரு. வெளிய வந்தா மக வயித்தத் தூக்கிக்கிட்டு நிக்கிறா. நல்லா இருக்கா. இன்னும் எறங்கல வயிறு. நேரத்துக்கு வந்துட்டேன்."

அத்தான் போனை என் கையில் கொடுத்துவிட்டு, கடைக்கு வெளியே போய் நின்று முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"இந்தா, ஒனக்கு ஒரு விசயம்" என்றாள் அக்கா என்னிடம், குரலை இறக்கி. அவள் குரலை இறக்கினால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். "வந்ததும் வராததுமா மக விரலப் புடிச்சுப் பாத்தேன். ரேகை அச்சடிச்ச மாதிரி இருக்குடி. ஒண்ணுகூட அழியல. வீட்டுல ஒரு துரும்ப எடுத்து அங்கிட்டுப் போட்டிருக்க மாட்டா இவ."

பின்னால் மகள், "அம்மா! சித்தி, நம்பாத சித்தி!" என்று கத்துவது கேட்டது.

"அப்புறம் மாப்ள காப்பி கொண்டாந்து குடுத்தாரு. டம்ளர வாங்குற சாக்குல அவரு விரலயும் பாத்தேன்."

"ஏன், அதுல என்ன?"

"அவருக்குத்தான்டி தேஞ்சு கெடக்கு."